சுவரை நகர்த்தும் மண்

சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் வீடு கட்டப் போகிறவரிடம் கொத்தனார் முதலில் கேட்பது, "மண் என்ன மண்?" என்பதைத்தான். கரிசல் என்று பதில் வந்தால் அஸ்திவாரக் கணக்கே மாறிவிடும். கூடுதல் ஆழம் தோண்ட வேண்டும். தோண்டிய மண்ணை அப்புறப்படுத்திவிட்டு மணலோ சரளையோ கொட்டி இடித்து இறுக்க வேண்டும். அதன்மேல் கான்கிரீட் பெல்ட் ஓட்ட வேண்டும். இதற்குச் செலவு செய்யாமல் எழுப்பிய சுவர் சில மழைக்காலங்களிலேயே மூலைவாட்டில் பிளக்கும். மதில் ஒருபக்கம் சாயும். கதவு நிலையில் சிக்கும். அதே கொத்தனார் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் மலையடிவாரச் செம்மண்ணில் சாதாரண அஸ்திவாரம் போட்டுக் கட்டிய வீடு அசையாமல் நிற்கிறது.

மண் எப்படிச் சுவரை நகர்த்துகிறது? இதற்கு விடை தெரிந்தால் விருதுநகர் மாவட்டத்தைப் பற்றிய வேறு பல கேள்விகளுக்கும் வழி திறக்கும். கரிசல் காட்டில் பெரிய மரங்கள் ஏன் அரிது? மழை பெய்யும் முன்பே விதைப்பது ஏன்? வெம்பக்கோட்டையில் அகழாய்வு செய்கிறவர்கள் ஒரு சிறு மணி கிடைத்தால்கூட, அது கிடந்த இடத்தை அத்தனை கவனமாகப் பார்ப்பது ஏன்?

பங்குனி, சித்திரையில் இந்தக் காட்டில் நடந்தவர்களுக்கு வெடிப்புகள் தெரியும். நிலம் பாளம் பாளமாகப் பிளந்து கிடக்கும். சில வெடிப்புகளில் கையை முழங்கைவரை விடலாம். ஒரு மீட்டருக்குக் கீழே இறங்குபவையும் உண்டு. ஐப்பசியில் நல்ல மழை இறங்கியதும் அதே நிலம் ஊதி, வெடிப்புகளை மூடி, காலை வைத்தால் விடாத சேறாகிவிடும். ஆண்டுதோறும் ஒருமுறை சுருங்கி ஒருமுறை உப்பும் இந்தத் தரையின் மேல் உட்கார்ந்திருக்கிறது வீடு. சுவரின் ஒரு முனைக்கு அடியில் ஈரம், மறுமுனைக்கு அடியில் காய்ச்சல் என்றால் ஒரு முனை எழும், மறுமுனை அமரும். நடுவில் விரிசல் விழும்.

உப்புவதற்குக் காரணம் மண்ணில் உள்ள களி. எல்லாக் களியும் ஒன்றல்ல. செம்மண்ணில் பெரும்பாலும் இருப்பது கயோலினைட் என்ற களிமம். கரிசலில் மிகுந்திருப்பது ஸ்மெக்டைட் குடும்பத்தைச் சேர்ந்தது. அதைத் தமிழில் விரிகளி என்று சொல்லலாம். அந்தக் குடும்பத்தில் பெயர்பெற்ற மான்ட்மோரில்லோனைட்டுக்குப் பிரான்சின் மான்ட்மோரில்லோன் ஊரையொட்டி 1847-இல் பெயர் வைத்தார்கள். இந்தக் களிமங்கள் எல்லாமே தகடுகளால் ஆனவை. விரிகளியின் ஒரு தகடு ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு கனம், அதாவது ஒரு நானோமீட்டர்.

சிவகாசி அச்சகங்களில் வேலை செய்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். காகிதக் கட்டுகள் இரண்டை நினைத்துக்கொள்ளலாம். ஒன்று தாளோடு தாள் பசை போட்டு ஒட்டியது. இன்னொன்று சும்மா அடுக்கி வைத்தது. இரண்டும் நனைந்தால், ஒட்டிய கட்டில் வெளிப்பக்கம் மட்டும் ஈரமாகும். அடுக்கிய கட்டில் தாளுக்குத் தாள் நீர் புகுந்து கட்டே உயர்ந்துவிடும். கயோலினைட்டின் தகடுகள் ஒன்றை ஒன்று இறுகப் பிடித்திருப்பவை. நீர் இடையில் நுழைய முடியாது. விரிகளியின் தகடுகளுக்கு இடையே பிடிப்பு குறைவு. அங்கே கால்சியம், மக்னீசியம், சோடியம் அயனிகள் உட்கார்ந்திருக்கின்றன. அவை நீரை ஈர்த்து உள்ளே இழுக்கின்றன. தகடுகள் விலகுகின்றன, நிலம் உயர்கிறது. வெயிலில் நீர் வெளியேறியதும் தகடுகள் நெருங்குகின்றன, நிலம் பிளக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத தகடுகளின் இடைவெளி ஆய்வாளர்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பது நியாயம். எக்ஸ் கதிர்தான் சாட்சி. ஒழுங்காக அடுக்கிய தகடுகளின் மேல் எக்ஸ் கதிர் விழுந்தால், அடுக்குகளின் இடைவெளிக்கு ஏற்ற கோணத்தில் அது வலுவாகத் திரும்பும். கோணத்தை அளந்தால் இடைவெளி கிடைத்துவிடும். இந்த முறையைக் கொண்டு 1933-இல் ஹாஃப்மன் என்ற ஜெர்மானிய வேதியியலாளரும் அவருடைய தோழர்களும் மான்ட்மோரில்லோனைட்டின் விரியும் அமைப்பை வெளிப்படுத்தினார்கள். இன்றும் மண் ஆய்வகங்களில் ஓர் எளிய சோதனை நடக்கிறது. கார் ரேடியேட்டரில் ஊற்றும் திரவத்தில் உள்ள கிளைக்காலைக் களியில் ஏற்றி எக்ஸ் கதிரில் பார்ப்பார்கள். பிறகு களியைச் சூளையில் சூடாக்கி மீண்டும் பார்ப்பார்கள். கிளைக்கால் ஏறியபோது இடைவெளி ஏறத்தாழ 1.7 நானோமீட்டர் ஆகி, சூடாக்கியபோது 1 நானோமீட்டருக்குச் சுருங்கினால் அது விரிகளியேதான். கயோலினைட்டின் இடைவெளி கிளைக்காலுக்கு அசைந்து கொடுக்காது.

தகடுகள் விலகுவதால் இன்னொன்றும் நேர்கிறது. ஒரு கிராம் விரிகளியின் உள்ளும் புறமுமான மொத்தப் பரப்பு 800 சதுர மீட்டர்வரை வரும். நம் கணக்கில் ஏறத்தாழ இருபது சென்ட் நிலம், ஒரு சிட்டிகை மண்ணுக்குள். கயோலினைட்டுக்கு அது பத்து, இருபது சதுர மீட்டர்தான். பரப்பு இத்தனை இருப்பதால் கரிசல் நீரையும் சத்தையும் பெருமளவில் பிடித்து வைக்கிறது.

இங்கேதான் உண்மையான புதிர் எழுகிறது. மராட்டியத்தின் கரிசல், எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட் பாறை மக்கியதால் வந்தது என்று பள்ளிப் புத்தகம் சொல்கிறது. விருதுநகர் மாவட்டத்தில் பசால்ட் நிலப்பரப்பு கிடையாது. அடியில் இருப்பவை நைஸ், சார்னோகைட் போன்ற பழைய படிகப் பாறைகள். பந்தல்குடி, துலுக்கப்பட்டி பக்கம் சுண்ணாம்புப் பாறை. அந்தச் சுண்ணாம்பை நம்பித்தான் 1960-களிலிருந்து அங்கே சிமென்ட் ஆலை ஓடுகிறது. பசால்ட் இல்லாத இடத்தில் கரிசல் எப்படி வந்தது?

விடை, பாறையைவிடத் தண்ணீரிடம் அதிகம் இருக்கிறது. பாறை மக்கும்போது கால்சியம், மக்னீசியம், சிலிக்கா ஆகியவை நீரில் கரைகின்றன. மேட்டில், மழை நன்றாக வடிந்தோடும் இடத்தில், அவை கழுவப்பட்டுப் போய்விடும். எஞ்சுவது கயோலினைட்டும் இரும்புத் துருவும், அதுவே செம்மண். கழுவிச் செல்லப்பட்டவை தாழ்ந்த சமவெளியில் வந்து தங்குகின்றன. அங்கே மழை குறைவு, வெயில் அதிகம், வடிகால் மந்தம். கால்சியமும் மக்னீசியமும் சிலிக்காவும் வெளியேற வழியில்லாமல் சேர்ந்திருக்கும் அந்த நிலையில் விரிகளி உருவாகிறது. மிஞ்சிய சுண்ணாம்பு, கரிசலுக்குள் வெள்ளை உருண்டைகளாகப் படிகிறது. சுக்கான் கல் என்று விவசாயிகள் சொல்வது இதையே. மலையிலிருந்து கிழக்கே இறங்க இறங்கச் செம்மண் போய்க் கரிசல் வருவதன் காரணம் இதுதான்.

கருப்பு நிறத்தைப் பார்த்து உரம் கொழித்த மண் என்று நினைப்பவர்கள் பலர். ஆய்வகம் வேறு சொல்கிறது. இந்தக் கரிசலில் கரிமச் சத்து பெரும்பாலும் நூற்றில் ஒரு பங்கைத் தொடுவதில்லை. உள்ள சிறிதளவு மக்கு, களித் தகடுகளோடு இறுகப் பிணைந்து மண் முழுவதையும் இருளச் செய்கிறது.

இதை இன்னொரு கருமண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தால் கரிசலின் தனித்தன்மை தெளிவாகும். இங்கிலாந்தின் தென்மேற்கில், டெவன் மாவட்டத்தில், டார்ட்மூர் என்ற மேட்டுநிலம் உண்டு. அதுவும் மரம் அரிதான திறந்த வெளிதான். ஹெதர் என்னும் குறும்புதரும், மஞ்சள் பூக்கும் முட்செடியும், முரட்டுப் புல்லும் பரந்திருக்கும். நடுநடுவே டார் எனப்படும் பாறை முகடுகள் நிற்கும். அடியில் ஏறத்தாழ 28 கோடி ஆண்டு பழைய கிரானைட். விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டுக்கு 800 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்கிறது, அதிலும் பாதியாவது வடகிழக்குப் பருவத்தில். டார்ட்மூரின் உயரமான பகுதிகளில் 2000 மில்லிமீட்டர் பெய்கிறது. கால்சியம் முழுதும் கழுவப்பட்டு மண் புளித்துவிடுகிறது. குளிரும் நீர்த்தேக்கமும் சேர்ந்து நுண்ணுயிர்களை முடக்குகின்றன. செத்த செடி மக்காமல் அடுக்கடுக்காகத் தங்கிக் கருப்புக் கரிமண் ஆகிறது. அங்கே கருப்பு என்றால் தாவர எச்சம்; இங்கே கருப்பு என்றால் களியோடு சேர்ந்த சிறு மக்கு. அடிப்பாறை உறவினம்தான், மழையும் குளிரும்தான் வேறு.

டார்ட்மூரில் பாறை முகடு எழுந்து நிற்பதும், கரிசல் சமவெளியில் திருத்தங்கல் குன்று எழுந்து நிற்பதும் ஏறத்தாழ ஒரே காரணத்தால்தான். பிளவுகள் நெருக்கமாக இருந்த பாறை சீக்கிரம் மக்கி அரிக்கப்பட்டது. பிளவு குறைந்த பாறை மிஞ்சியது. சிலப்பதிகாரத்தில் வரும் தங்கால் என்ற ஊர் இந்தத் திருத்தங்கல்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் அருகே மூவரைவென்றானில் இப்படி மிஞ்சிய பாறை ஒன்றில் முற்காலப் பாண்டியர் குடைவரைக் கோயில் செதுக்கினார்கள். சுற்றிலும் அசையும் மண் இருக்கும் நாட்டில், அசையாத பாறையில் செதுக்கியதே நெடுங்காலம் நிற்கும்.

மரங்களின் பிரச்சினை வேறு வகை. கரிசல் நிறைய நீரைப் பிடித்து வைத்தாலும், எல்லாவற்றையும் வேருக்குத் தந்துவிடாது. தகடுகளுக்கு இடையே கடைசியாக ஒட்டியிருக்கும் நீரை வேரால் இழுக்க முடியாது. மணல் காய்ந்தால் உண்மையாகவே காய்ந்துவிடும்; கரிசலில் ஐந்தில் ஒரு பங்கு ஈரம் இருக்கும்போதே செடி வாடத் தொடங்கலாம். அதோடு வெடிப்பு விரியும்போது குறுக்கே ஓடிய வேர்களும் அறுபடுகின்றன. இதற்கு ஈடுகொடுக்கும் மரங்களே இங்கே தங்கின. கருவேலம் நீர் நின்ற கண்மாய்க்குள்ளும் காய்ந்த வரப்பிலும் வளரும். உடைமரம் குடையாக விரிந்து, இலைகளை மிகச் சிறிதாக்கி, முள்ளை நீட்டிக்கொண்டு நிற்கும். பனைக்கு ஆணிவேரே இல்லை. அடிமரத்திலிருந்து நூற்றுக்கணக்கான நார்வேர்கள் இறங்குகின்றன. சில அறுந்தால் வேறு சில முளைக்கும். ஆவாரையும் எருக்கும் கொழுஞ்சியும் குமட்டியும் தரையோடு காலம் தள்ளுகின்றன. இவற்றின் நடுவே புகுந்த சீமைக்கருவேலம் அயல்நாட்டு மரம். கண்மாய்களையும் தரிசையும் அது பிடித்துக்கொண்டதைப் பார்த்து, இத்தகைய அயல் தாவரங்களை அகற்றத் தமிழ்நாடு அரசு 2022-இல் தனிக் கொள்கையே வெளியிட்டது.

உழவர்கள் இந்த மண்ணின் போக்கை எக்ஸ் கதிர் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே படித்துவிட்டார்கள் என்பதற்குப் புரட்டாசி விதைப்பு ஒரு சான்று. செம்மண்ணில் மழை பெய்த மறுநாளே ஏர் பூட்டலாம். கரிசலில் உழவுப் பதம் மிகக் குறுகியது. காய்ந்தால் கட்டி உடையாது. நனைந்தால் கலப்பை நகராது. மழை தொடங்கிய பிறகு காட்டுக்குள் இறங்கக் காத்திருந்தால் பருவமே போய்விடும். அதனால் மழைக்கு முன்பே, காய்ந்த மண்ணில், சற்று ஆழமாக விதையைப் போட்டுவிடுகிறார்கள். தூறலுக்கு ஏமாறாமல் நல்ல மழைக்கு மட்டும் முளைக்க அந்த ஆழம் உதவுகிறது. 1901-இல் தொடங்கிய கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம், சோளத்துக்கும் பருத்திக்கும் இந்த முன்பருவ விதைப்புக்கு உகந்த வாரங்களை ஆய்ந்து பரிந்துரைத்தது.

முதல் மழை வெடிப்பு வழியே நேரே ஆழத்துக்கு இறங்குகிறது. கார்த்திகைக்குள் வெடிப்புகள் மூடிக்கொள்ளும். அதன்பின் ஒரு மீட்டர் ஆழக் கரிசல் ஏறத்தாழ 150 முதல் 200 மில்லிமீட்டர் மழைநீரைப் பயிருக்கு எட்டும் நிலையில் வைத்திருக்கும். தையில் மழை நின்றபின் மாசிவரை பருத்தியும் மல்லியும் உயிரோடிருப்பது இந்தச் சேமிப்பில்தான். கருங்கண்ணி என்ற நாட்டுப் பருத்தி ஆணிவேரை ஆழம் இறக்கி அந்த ஈரத்தைத் தேடும். மூடிய கரிசல் மேல்மழையை உள்ளே விடாது, நீர் வழிந்தோடும். அதை நிறுத்திவைக்கத்தான் ஊர்தோறும் கண்மாய் வெட்டினார்கள்.

தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை மறைத்துவிட, ஆண்டின் பெரும்பகுதி வறண்ட காற்றே வீசுகிறது. ஒரு போகம் முடிந்ததும் வேலை இல்லாத மாதங்கள் நீளும். 1922-இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தபோது, ஊரில் அந்தத் தொழிலுக்குத் தேவையான வெயிலும் உழைக்கும் கைகளும் தயாராக இருந்தன. தீக்குச்சி மருந்தும் பட்டாசு மருந்தும் ஈரத்துக்கு ஆகாதவை. பட்டாசு அறைகளுக்கு இடையே சட்டப்படி விட வேண்டிய இடைவெளிக்கும் திறந்த கரிசல் காடு இடம் தந்தது.

அந்தப் பட்டாசு ஆலைகளின் நடுவேதான் வெம்பக்கோட்டை இருக்கிறது. அருகே விஜயகரிசல்குளத்தில், வைப்பாற்றின் வடகரையில், மேட்டுக்காடு என்று ஊரார் சொல்லும் தொல்மேடு. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அங்கே 2022-இல் அகழாய்வைத் தொடங்கி, 2023, 2024 என்று அடுத்த கட்டங்களையும் நடத்தியது. விரல்நுனி அளவு நுண்கற்கருவிகள், சுடுமண் உருவங்கள், தக்களி வில்லைகள், சங்கு வளையல்கள், கண்ணாடி மணிகள், சூதுபவளம், சிறு தங்க அணிகள் என ஆயிரக்கணக்கான பொருள்கள் கிடைத்தன. 2024-இல் கிடைத்த ஒரு சூதுபவளத்தில் பாயும் காளையின் உருவம் செதுக்கப்பட்டிருந்தது. செய்து முடிக்காத சங்குத் துண்டுகளும் இருந்ததால், வளையல் அறுக்கும் தொழில் அங்கேயே நடந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கடல் சங்கு, கடலில்லாத கரிசலுக்கு வந்து வளையலாகியிருக்கிறது.

இந்தப் பட்டியலில் எது இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். தக்களி வில்லை உண்டு, நூற்ற நூல் இல்லை. அணிகள் உண்டு, அணிந்தவர் உடுத்திய துணி இல்லை. டார்ட்மூரில் ஒயிட்ஹார்ஸ் ஹில் என்ற இடத்தில் 2011-இல் கரிமண்ணுக்குள் இருந்த ஒரு கல்லறையைத் திறந்தார்கள். ஏறத்தாழ கி.மு. 1700-ஐச் சேர்ந்தது. எரித்த எலும்பைச் சுற்றியிருந்த கரடித்தோல், நாரால் பின்னிய கூடை, அதற்குள் இருநூறு மணிகள் எல்லாம் கிடைத்தன. காற்றுப் புகாத புளித்த ஈரம் தோலையும் நாரையும் காத்தது. அதே புளிப்பு எரிக்காத எலும்பைக் கரைத்துவிடும். கரிசல் நேர்மாறு. காரமான மண், ஆண்டுதோறும் வெடித்துக் காற்றை உள்ளே விடும் மண். சங்கும் சுடுமண்ணும் தங்கும். துணியும் தோலும் மரமும் போய்விடும். பழங்கால வைப்பாற்றுக் கரையில் வாழ்ந்தவர்களைப் பற்றி நாம் அறிவது, இந்த மண் விட்டுவைத்ததை மட்டுமே. அவர்கள் துணி குறைவாகவும் மணி அதிகமாகவும் வைத்திருந்தார்கள் என்று எண்ணினால் அது பிழை.

இன்னொரு சிக்கலும் உண்டு. கோடையில் மேலே கிடக்கும் சிறு மணி வெடிப்புக்குள் விழுந்து, தன்னைவிடப் பல நூறு ஆண்டு மூத்த அடுக்கில் போய் உட்காரலாம். மழையில் வெடிப்பு மூடினால் அடையாளமே தெரியாது. மேல்மண் விழுந்து நிரம்பிய வெடிப்பு உப்பும்போது பக்கத்து மண் சாய்வாக மேலே தள்ளப்படுகிறது. இந்தத் தற்புரட்டலின் தடயம் குழியின் சுவரில் தெரியும். மண் மண்ணோடு உரசிப் பளபளப்பாகத் தேய்ந்த சாய்ந்த பரப்புகள் அவை. வழுக்குமுகம் என்று அவற்றைச் சொல்லலாம். இப்படியே கரிசல் தன்னை முழுதும் புரட்டிவிடுகிறது என்று ஒருகாலத்தில் நம்பினார்கள். அது உண்மையானால் மேலிருந்து கீழ்வரை மக்கின் வயது ஒன்றாக இருக்க வேண்டும். ரேடியோ கார்பன் அளவீடுகள் பல கரிசல்களில் ஆழம் கூடக் கூட வயதும் கூடுவதைக் காட்டின. ஆகவே புரட்டல் உண்டு. முழுப் புரட்டல் எல்லா இடத்திலும் இல்லை.

இத்தகைய நிலத்தில் தனித்துக் கிடக்கும் ஒரு மணியை மட்டும் வைத்துக் காலம் சொல்லக் கவனமான ஆய்வாளர் தயங்குவார். அடுப்பும் சாம்பலும் ஒன்றாக இருக்கிறதா, பானை முழுதாக நிற்கிறதா, தரைப்பூச்சு அறுபடாமல் ஓடுகிறதா என்று பார்ப்பார். மணற்பரல் கடைசியாக வெயில் கண்டது எப்போது என்று அளக்கும் ஒளிர்வு முறையில் பரல் பரலாகச் சோதித்தால் கலப்பு வெளிப்படும். ஒரே அடுக்கின் பரல்கள் வெவ்வேறு வயது சொன்னால் அந்த அடுக்கு கலைந்திருக்கிறது. கிடந்த இடமும் கூட்டும் போனால் பொருளின் பாதி வரலாறு போய்விடும்.

அதனால்தான் கரிசல் காட்டை "சும்மா கிடக்கும் பொட்டல்" என்று சொல்லி, மேடுகளை லாரி மண்ணுக்காக வெட்டுவதும் ஜேசிபியால் சமன் செய்வதும் பெரும் இழப்பு. மானாவாரிக்கு ஈரம் சேர்த்து, கண்மாயில் நீர் நிறுத்தி, பல அடுக்கு வாழ்க்கையை உள்ளே வைத்திருக்கும் நிலம் அது. உங்கள் ஊர்க் காட்டில் கருப்பு சிவப்புப் பானை ஓடோ, சங்கு வளையல் துண்டோ, தாழியின் வாயோ தென்பட்டால் எடுக்காதீர்கள், கழுவாதீர்கள். கிடக்கும் இடத்தைப் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ சொல்லுங்கள். நிலத்தில் கிடைக்கும் பழம்பொருளை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டம் 1878-இலிருந்தே நடப்பில் இருக்கிறது.